குடகு வீட்டுத் துப்பாக்கி

தென்மேற்குப் பருவமழை ஏறக்குறைய மூன்று மாத காலம் மலையையும் வயலையும் ஒருசேர நனைத்து, நாற்றெல்லாம் நடப்பட்டு, உழவு மாடுகளின் தோளிலிருந்து நுகத்தடி இறங்கிய பிறகு, செப்டம்பர் மாதத்தின் முதல் நாட்களில் குடகு நாட்டு வீடுகளில் ஒரு பூஜை நடைபெறுகிறது. கைல்போள்து என்று அதற்குப் பெயர். ஆயுதத் திருநாள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். குல முன்னோரை நினைந்து விளக்கேற்றும் தென்மேற்கு மூலை அறையில், எண்ணெயிட்டுத் துடைத்த துப்பாக்கியும், அகன்று வளைந்த ஒடிகத்தியும், வெள்ளி வேலைப்பாடு அமைந்த உறையிலிட்ட பீச்சேகத்தியும் வரிசையாக வைக்கப்பட்டு, சந்தனம் பூசப்பெற்று, மலர் சூட்டப்பெறுகின்றன. அந்த மலர் நமக்கு அந்நியமானதன்று. சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை கூறியதும், முருகனுக்கு உரியதாகக் கொண்டாடப்பட்டதும், இன்று தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதுமான செங்காந்தளே அது. மழைக்காலத்தில் வேலியோரங்களில் சுடர்போல் பூத்து நிற்கும் அதனைக் குடகர் தோக்குப்பூ, அதாவது துப்பாக்கிப் பூ, என்று வழங்குகின்றனர்.

இவ்விழாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் வீரத்தையே வியந்து எழுதுகின்றனர். குப்பியம் என்னும் கறுப்பு அங்கியும் சிவப்பு இடைக்கச்சையும் அணிந்த ஆடவர் கையில் துப்பாக்கி ஏந்தி நிற்கும் தோற்றம் அவ்வாறு வியப்பதற்கு உரியதுதான். ஆயினும் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, அவ்விழாவுக்கு முன்னே நிற்கும் மாதங்கள். நடவுக் காலம் தொடங்கியதும் ஆயுதங்கள் அந்த அறைக்குச் சென்றுவிடும். கை முழுவதும் சேற்றுக்கும் நாற்றுக்கும் உரியதாகிவிடும். வேட்டை இல்லை, வேடிக்கைக்காகச் சுடுதலும் இல்லை. பயிர் வேரூன்றி நிலைத்த பிறகே, குடும்பத்தின் மூத்தவர் முன்னோரை வணங்கித் துப்பாக்கியை எடுத்து இளையவர் கையில் கொடுக்க, அவர்கள் மூத்தவரின் காலில் விழுந்து பெற்றுக்கொள்வர். ஆயுதத்தை ஏந்துவதற்கு ஒரு பருவமும், இறக்கி வைப்பதற்கு ஒரு பருவமும், இரண்டுக்கும் சாட்சியாக ஒரு மூத்தவரும் வேண்டும் என்று வகுத்துக்கொண்ட சமூகம் அது. நம் முன்னோரும் வெட்சி முதல் வாகை வரை போரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு பூவைச் சூடினார்கள். நவராத்திரியின் கடைசியில் கருவிகளுக்கு ஓய்வு கொடுத்துப் பொட்டிடும் வழக்கம் நம்மிடம் இன்றும் உண்டு. ஆனால் கொல்லும் கருவிக்கு மாதக்கணக்கில் ஓய்வு கொடுத்து, அந்த ஓய்வை வயலின் வேலையோடு பிணைத்து வைத்த சம்பிரதாயத்தைக் காவிரி பிறக்கும் அம்மலையில்தான் நான் கண்டேன்.

உழவனும் போர்வீரனும் ஒருவனாகவே இருந்த நாடு குடகு. ஹாலேரி வம்சத்து அரசர்கள் ஆண்ட காலத்தில் நிரந்தரச் சைனியம் என்பது சிறிது. அரசன் அழைத்தபோது ஆயுதத்தோடு வந்து நிற்கும் குடிகளே பெரும்படை. அவ்வாறு வந்து நிற்கும் கடமைக்கு ஈடாக அவர்களுக்குப் பரம்பரை பாத்தியதையாக அளிக்கப்பட்ட நிலம் ஜம்மா நிலம் எனப்பட்டது. சாதாரண நிலத்துக்கு விதித்த தீர்வையில் பாதியே அதற்கு. ஆனால் நிலத்தை நினைத்தபடி விற்கவும் முடியாது, ஊழியத்திலிருந்து நினைத்தபடி விலகவும் முடியாது. ஆகவே அந்நாட்டில் துப்பாக்கி தனியொருவனின் உடைமையாகத் தொடங்கவில்லை. நிலத்தோடும் குடும்பத்தோடும் ஒட்டிய ஒரு கடமையின் சின்னமாகவே அது வீட்டுக்குள் வந்தது. ஹைதர் அலியோடும் திப்பு சுல்தானோடும் நேர்ந்த நீண்ட போராட்டங்களில் குடிகள் சிறைபிடிக்கப்பட்டு ஸ்ரீரங்கபட்டணத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட துயரமும், காடுகளில் ஒளிந்து நின்று மீண்டும் மீண்டும் எதிர்த்த பிடிவாதமும் அந்த மக்களின் நினைவில் இன்றும் ஆறாத பாகங்கள்.

1834ஆம் ஆண்டில் கடைசி அரசன் சிக்க வீரராஜேந்திரனை நீக்கிவிட்டுக் கும்பெனியார் குடகைத் தம் ஆட்சியில் சேர்த்துக்கொண்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் அண்டைப் பகுதியான சுள்ளியத்தில் தொடங்கி மங்களூர் வரை பரவிய குடியானவர் எழுச்சியை அடக்குவதில் குடகர் பலர் கும்பெனியாருக்குத் துணைநின்றனர். அதற்காகப் பதக்கங்களும் பெற்றனர். 1857இன் பெருங்கலகத்துக்குப் பிறகு இந்தியக் குடிகளிடமிருந்து ஆயுதங்களைக் களையும் சட்டம் வந்தபோது, மைசூருக்கும் குடகுக்கும் கமிஷனராக இருந்த மார்க் கப்பன், 1861ஆம் ஆண்டில் ஒரு பிரகடனத்தின் மூலம் குடகரை அச்சட்டத்திலிருந்து விலக்கினார். அவர்களுடைய விசுவாசத்தையும் துணிவையும் மனமாரப் புகழ்ந்து, அச்சிறு சமூகம் செய்த உதவிகளை நினைவுகூர்ந்து எழுதப்பட்ட ஆவணம் அது. சாதாரண உத்தரவின் வறட்சி அதில் இல்லை. நன்றிக் கடிதத்தின் தொனியே இருக்கிறது.

அந்தப் புகழ்ச்சியை நான் மனக்கலக்கம் இன்றிப் படிக்க முடிவதில்லை. அண்டை நாட்டுக் குடியானவர்களுக்கு எதிராக நின்றதும் அந்த நன்றிக்குரிய காரணங்களுள் ஒன்று. வழக்கம் மிகப் பழையது, மக்களுடையது. சலுகையோ புதியது, அந்நிய அரசு தன் சௌகரியத்துக்காகத் தந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுவது குடகருக்கே நியாயம் செய்வதாகாது. லிட்டன் பிரபுவின் காலத்தில், 1878ஆம் ஆண்டில், ஆயுதச் சட்டம் முன்னிலும் கடுமையாக வந்து, ஐரோப்பியர் கையில் துப்பாக்கி இருக்கலாம், இந்தியர் கையில் உரிமம் இன்றி இருத்தல் ஆகாது என்று வகுத்தபோது, தேசமெங்கும் அது ஓர் அவமானமாகவே உணரப்பட்டது. 1887ஆம் ஆண்டு நம் சென்னை நகரில் கூடிய காங்கிரஸ் மகாசபையின் மூன்றாவது கூட்டத்தில், அப்போது இளைஞராயிருந்த விபின் சந்திர பாலர் அச்சட்டத்தை எதிர்த்துப் பேசினார் என்பது நம்மவர் நினைவில் வைக்கத்தக்க செய்தி. அத்தனை கோடி மக்களுக்கு மறுக்கப்பட்டது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு மூலையில் இருந்த சிறு சமூகத்துக்கு மட்டும் தொடர்ந்து அனுமதிக்கப்பட்டது.

அனுமதிக்கப்பட்ட துப்பாக்கி அங்கே என்ன செய்தது என்று பார்த்தால், அது பெரும்பாலும் செய்தி சொல்லியது. வீட்டில் ஆண்குழந்தை பிறந்தால் ஒரு வேட்டு. அதே வேளையில் ஆமணக்குத் தண்டினால் செய்த சிறு வில்லும் அம்பும் அச்சிசுவின் கையில் வைத்து எடுக்கப்படும். மரணம் நேர்ந்தால் இரண்டு வேட்டு. காப்பித் தோட்டங்களும் வயல்களும் காடும் இடையிட்டு, வீட்டுக்கு வீடு வெகுதூரம் விலகிக் கிடக்கும் அம்மலைநாட்டில், தபாலும் தொலைபேசியும் இல்லாத நாட்களில், அந்த ஓசையின் எண்ணிக்கையைக் கேட்டே ஊரார் மங்கலத்துக்கோ துக்கத்துக்கோ புறப்பட்டு வந்தனர். கார்த்திகை, மார்கழியில் பௌர்ணமியை ஒட்டி வரும் புத்தரி அறுவடைத் திருநாளில், இரவில் தீபமேந்தி வயலுக்குச் சென்று, குறித்த முகூர்த்தத்தில் வேட்டுப் போட்ட பிறகே முதல் கதிரை அறுப்பர். நம் களத்து உழவர் கூறுவது போலவே அவர்களும் பொலிக என்று தெய்வத்தைக் கூவி அழைப்பர். கைல்போள்து நாளில் பூஜையும் விருந்தும் முடிந்தபின் ஊர்ப் பொதுத்திடலான மந்தில் கூடி, உயர்ந்த மரக்கிளையில் கட்டிய தேங்காயைச் சுட்டு வீழ்த்தும் போட்டி நடைபெறும். மனிதன் மண்ணுக்கு வருவதும், மண்ணை விட்டுப் போவதும், மண் விளைந்து தருவதும் ஆகிய மூன்றையும் ஊருக்கு அறிவிக்கும் குரலாகத் துப்பாக்கி அமைந்த இடம் அது.

இத்தகைய வீடுகளிலிருந்து சிப்பாய்கள் புறப்பட்டதில் வியப்பில்லை. ஆயினும் ஜனத்தொகை மிகச் சிறிது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் குடகருக்கென்றே அமைத்த 71ஆவது குடகு ரைபிள்ஸ் என்னும் படைப்பிரிவு, போதிய ஆட்கள் சேராமையால் 1904இலேயே கலைக்கப்பட்டது. ஆனால் எண்ணிக்கையில் குறைந்ததைப் பதவியிலும் பெயரிலும் அவர்கள் ஈடு செய்தனர். 1949ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் ஆங்கிலத் தளபதியிடமிருந்து பாரத சைனியத்தின் தலைமையை ஏற்ற முதல் இந்தியரான கரியப்பா குடகர். அந்த நாளே இன்றும் சைனிய தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1948 நவம்பர் முதல் தேதியன்று, பதினோராயிரம் அடிக்கு மேற்பட்ட சோஜிலா கணவாயில் டாங்கிகளைக் கொண்டு ஏற்றிப் பகைவரைத் திகைக்கச் செய்த திம்மையாவும் குடகர். அந்த டாங்கிகள் ஏறுவதற்குக் கோவேறு கழுதைப் பாதையை அகலப்படுத்திக் கொடுத்தவர்கள் சைனியம் முழுவதும் அன்போடு தம்பி என்றழைக்கும் மதராஸ் சாப்பர்கள் என்பதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். திம்மையா பின்னர் சைனியத் தலைவராகி, ஓய்வுக்குப் பிறகு ஐக்கிய நாடுகளின் சமாதானப் படைக்குத் தலைமை தாங்கச் சைப்ரஸ் சென்று, 1965 டிசம்பரில் அங்கேயே உயிர் நீத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் சர்கோதா விமானதளத்தைத் தாக்கச் சென்று திரும்பாத ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யாவுக்கு மகாவீர் சக்கரம் கிடைக்க 1988 வரை காலம் ஆயிற்று. மடிக்கேரியில் திம்மையா பிறந்த இல்லம் இப்போது காட்சிச்சாலையாக விளங்குகிறது.

தளபதிகளின் சரித்திரத்தை எழுதப் பலர் உளர். பென்ஷன் வாங்கிக்கொண்டு, நாலைந்து ஏக்கர் காப்பியையும் மிளகையும் பார்த்துக்கொண்டு, சுவரில் ஒரு துப்பாக்கியோடு வாழும் சாமானியச் சிப்பாயின் மனத்தை எழுதுவோர் அரியர். விராஜ்பேட்டைக்கு அப்பால் வாழும் சுபேதார் ஒருவரை நான் நெடுநாளாக அறிவேன். மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றியவர். நீலகிரியின் வெல்லிங்டனில் பயிற்சி பெற்றபோது தம் தோழர்களிடம் கற்ற தமிழைச் சற்றும் மறவாதவர். அவரை நான் அண்ணா என்றும் அவர் என்னைத் தம்பி என்றும் அழைப்பது அந்தத் தமிழின் உறவு.

அவர் வீட்டில் இருப்பது அவருடைய பாட்டனார் வாங்கிய இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கி. கட்டையின் மேல் பிடித்துப் பிடித்து மெருகேறிய இடம் மூன்று தலைமுறைக் கைகளின் அடையாளம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளித்திண்ணையில் அமர்ந்து அதைக் குழல், முன்கட்டை, பின்கட்டை என்று மூன்றாகப் பிரித்து, துணி சுற்றிய கோலைக் குழலுக்குள் செலுத்தித் துடைத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உட்புறம் பளிங்காக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அவருக்குக் காப்பி இறங்கும். அந்த மழைநாட்டில் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் இரும்பு துருவேறிவிடும். அவர் அவ்வேலையைச் செய்வதைப் பார்க்கையில், வேலையை விடப் பேச்சே மேலோங்கும். அந்தப் பேச்சிலிருந்து நான் அறிந்தவை சில.

சைனியத்தில் தமக்குக் கொடுக்கப்பட்ட ரைபிளின் எண் இன்றும் அவருக்கு மனப்பாடம். ஆனால் அது தம்முடையது என்று ஒருநாளும் நினைத்ததில்லை என்கிறார். காலையில் கோத் எனப்படும் ஆயுத அறையில் கையெழுத்திட்டு வாங்க வேண்டும். மாலையில் திருப்பி அடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் பட்டாலியன் முழுவதும் உறங்காது. வீட்டுத் துப்பாக்கியும் தம்முடையது அன்று என்பதே அவருடைய கட்சி. பாட்டனாரிடமிருந்து வந்தது, பின்வருபவருக்குப் போக வேண்டியது. நடுவில் எண்ணெய் போடும் ஊழியம் தமக்கு. தம்முடைய இஷ்டத்துக்கு உரியதென்று நினைக்கிற கணத்தில்தான் மனிதன் கையில் துப்பாக்கி கெட்டுப்போகிறது என்று அவர் திடமாக நம்புகிறார்.

சைனியத்தில் உஸ்தாத் எனப்படும் பயிற்சியாசிரியர் கற்றுக்கொடுத்த முதல் பாடத்தை அவர் வீட்டில் யாவரும் அறிவர். தோட்டா இல்லாத துப்பாக்கி என்று உலகில் ஒன்று கிடையாது. எடுத்தவர் திறந்து பார்த்து, அடுத்தவருக்குக் காட்டி, வாயைத் தரையையோ வானத்தையோ நோக்கிப் பிடிக்க வேண்டும். விளையாட்டாகக்கூட மனிதன் பக்கம் குழலைத் திருப்பிய மருமகன் ஒருவனை அவர் விருந்தின் நடுவில் எழுப்பி வெளியே அனுப்பியதாகச் சொல்வார்கள். துப்பாக்கி அவர் பொறுப்பில் இருக்கிறது. தோட்டாக்கள் இரும்பு அலமாரியில். அலமாரியின் சாவி அவருடைய மனைவியாரிடம். இரண்டு பேர் மனமொத்தாலன்றி அந்த வீட்டில் வேட்டு கேட்காது. பாகப்பிரிவினையைப் பற்றிப் பேசச் சகோதரர்கள் கூடிய நாட்களில், அவர் துப்பாக்கியை மூன்றாகப் பிரித்து மூன்று இடங்களில் பூட்டி வைத்துவிட்டே கூடத்துக்கு வந்து அமர்ந்தார். கோபம் ஒருவருக்கு வரலாம், அது மனித சுபாவம். கோபம் வந்த கைக்கு எட்டும் தூரத்தில் ஆயுதம் இருக்கலாகாது, அது வீட்டுக்காரனின் தர்மம் என்பார்.

யுத்தத்தைப் பற்றி அவர் மிகக் குறைவாகவே பேசுவார். 1971இல் கிழக்கு முனையில் இருந்தவர். எதிரிகளின் சரணாகதிக்குப் பிறகு, துப்பாக்கிகளைக் காலி செய்யும்படி கட்டளை வந்தபோது, வரிசையாக நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தோட்டாவை வெளியே எடுத்த அந்த ஓசையையே அவர் தம் வாழ்க்கையில் கேட்ட இனிய ஓசை என்று என்னிடம் கூறினார். குண்டு துளைத்த உடலைக் கண்டவன் துப்பாக்கியை வாய்ப்பேச்சில் தூக்கமாட்டான் என்பதும், சுடுவதை அதிகமாகப் பேசுவோர் பெரும்பாலும் சுட்டறியாதவர் என்பதும் அவருடைய அபிப்பிராயம். அவரோடு பழகிய பிறகு அதுவே என்னுடைய அபிப்பிராயமும் ஆயிற்று.

முற்காலத்தில் புலியைக் கொன்ற வீரனை மணமகன் போல் அலங்கரித்து, கொல்லப்பட்ட புலியின் அருகே மணையில் அமர்த்தி, ஊரார் வரிசையாக வந்து அட்சதை இட்டுக் காணிக்கை தரும் புலித் திருமணம் என்னும் சடங்கு குடகில் இருந்தது. சுபேதாரின் பாட்டனார் காலத்தில் நிகழ்ந்ததாக அவர் கேள்விப்பட்டதோடு சரி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை முடித்துவைத்தது. அது முடிந்ததே நன்று என்பதில் எனக்கு ஐயம் இல்லை, அவருக்கும் இல்லை. இப்போது அவருடைய துப்பாக்கி பெரும்பாலும் வானத்தை நோக்கியே வெடிக்கிறது. நாகரஹொளே காட்டை ஒட்டிய தோட்டங்களில் யானைக் கூட்டம் இறங்கி, வாழையையும் பலாவையும் முறித்துக் காப்பிச் செடிகளை மிதித்து நிற்கும் இரவுகளில், ஓசை ஒன்றே அவற்றைத் திருப்பும் வழியாக அங்குள்ளோர் காண்கின்றனர். இத்தகைய பயன்களுக்கு அப்பால், அந்நாட்டிலும் துப்பாக்கியால் குடும்பப் பகை கொலையில் முடிந்ததுண்டு; மனம் உடைந்தவர்கள் அதைத் தம்மை நோக்கியே திருப்பியதுண்டு. இவற்றை மறைத்து எழுதினால் இந்த வழக்கத்துக்குப் புகழ் சேர்ந்துவிடாது. சுபேதாரும் இவற்றை மறைப்பதில்லை. அத்தகைய செய்தி வரும் நாட்களில் அவர் சாப்பிடாமலே படுத்துவிடுவார் என்று அவருடைய மனைவியார் சொன்னார்.

சுதந்திரத்துக்குப் பின் 1956 நவம்பரில் குடகு தனி ராஜ்யமாக இருந்த நிலை நீங்கி மைசூரோடு இணைந்தது. லிட்டன் காலத்துச் சட்டத்துக்குப் பதிலாக 1959ஆம் ஆண்டில் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. அந்நிய அரசின் சலுகை அதோடு மறைந்திருக்கலாம். ஆனால் 1963ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் வெளியிட்ட அறிவிப்பு, குடகு இனத்தார்க்கும் ஜம்மா நிலம் உடையோர்க்கும் உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளித்தது. விலக்கு என்பதற்குக் கணக்கின்மை என்று பொருளன்று. மாவட்ட அதிகாரியிடம் விலக்குச் சான்றிதழ் பெற்றே துப்பாக்கியை வைத்திருக்கின்றனர். இந்தச் சலுகை இனத்தின் பெயரால் பாரபட்சம் காட்டுகிறது, நிலத்தின் பெயரால் பழைய நிலவுடைமை முறையைக் காக்கிறது என்று கர்நாடக உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தவரும் ஒரு முன்னாள் சைனிய அதிகாரிதான். அவருடைய வாதம் அலட்சியத்துக்குரியதன்று. எல்லாப் பிரஜைகளும் சமம் என்று எழுதிவைத்த ராஜ்யத்தில் அக்கேள்வி எழுந்தே தீரும். வழக்கு நடந்துகொண்டிருக்கையிலேயே, 2019இல், மத்திய சர்க்கார் அவ்விலக்கை 2029 வரை பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. 2021ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம், அச்சமூகத்தின் தொன்மையான போர்மரபையும், விலக்கு வரம்பின்றி அளிக்கப்படாமல் நிபந்தனைகளோடும் காலவரையறையோடும் அளிக்கப்பட்டிருப்பதையும் கருதி, அதைச் செல்லுபடியாகும் என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்தபோது சுபேதாரை ஊரார் சிலர் வாழ்த்தினர். அவரோ, 2029இல் சர்க்கார் திரும்பவும் நம்மைக் கணக்குக் கேட்கும், அதற்குள் குடகில் ஒரு துப்பாக்கியாலும் ஒரு மனிதனும் சாகாதிருந்தால் நாம் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை என்று பதிலளித்தார். அவருடைய மக்கள் இருவரும் பெங்களூரில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கின்றனர். கைல்போள்துக்கு மட்டும் வந்து போகின்றனர். விடுமுறை தோறும் வந்து தங்குபவள் பேத்தி ஒருத்தி. மந்தில் நடைபெறும் தேங்காய்ப் போட்டியில் இப்போது பெண்களும் சுடுகின்றனர். தானும் சுட வேண்டும் என்பது அவள் ஆசை. குழலைத் துடைக்கவும், திறந்து பார்த்து அடுத்தவருக்குக் காட்டவும் அவர் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். அலமாரிச் சாவியைக் கேட்டபோது, பாட்டியைக் கேள் என்று சொல்லிவிட்டார். பாட்டியார் இதுவரை சம்மதிக்கவில்லை.